மூன்று சிலிண்டர் வண்டி

திருப்பூர்
ஆகஸ்ட் 2004

அன்புள்ள பிரிசில்லாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் முட்டுவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா?

இந்த வாரம் தையல் மெஷினை விட்டுவிட்டு டிராக்டர் பார்த்தேன். முதலாளி மாரப்பனுக்கு, காலமான தன் அப்பாவின் பழைய டிராக்டரைக் கம்பெனி வாசலில் நிறுத்த ஆசை. காங்கேயத்தில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு வண்டிகள் கிடைக்க, எது என்று தெரியாமல் இரண்டையும் வாங்கிவிட்டார். அப்பாவுடையது மூன்று சிலிண்டர் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. ஊரில் டிராக்டர் பழுது பார்த்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் பானட்டைத் தூக்குவதற்குள் அவருடைய அம்மா பழனாயி வந்து ஒரு வண்டியின் மட்கார்டைக் கட்டிக்கொண்டார்.

"இதுதானுங்க எங்க ஊட்டுக்காரரு வண்டி. கண்ணாலமாயி இதுல உக்காந்துதானுங்க தோட்டத்துக்கு வந்தேன்" என்று அழுதார்.

திறந்து பார்த்தேன். அதில் நான்கு சிலிண்டர் இருந்தது.

"மூணுதானுங்களே?" என்று முதலாளி தள்ளி நின்று கேட்டார்.

"ஆமா முதலாளி" என்று சொல்லி மூடிவிட்டேன்.

மற்ற வண்டியை அன்றைக்கே பழைய இரும்புக்கு ஏற்றினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. போய்ச் சாப்பிட்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இடுப்பில் கட்ட இரண்டு சாரமும் கொஞ்சம் கருப்பட்டியும் கொடுத்துவிடு. பிள்ளைகளைப் போனில் முதலில் பேரைச் சொல்லச் சொல். போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசியது பெரியவளா, சின்னவளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

மோசஸ்