பசு ஈன்ற மாலையில் கம்பியில் போன பதினான்கு பாட்டுகள்

அனுப்புநர்:
லாரிட்ஸ் ஓவர்கோர், வயது 73, விவசாயி,
ஓடைக்கு மேற்கே நான்காவது வீடு,
நோர்ஹோய் கிராமம், நெப்ராஸ்கா.

பெறுநர்:
தொலைபேசி விவகாரங்களைக் கவனிக்கும் ஆணையர் அவர்கள்,
லிங்கன் நகரம்.

பொருள்: என் வீட்டுத் தொலைபேசிக் கம்பியை அநியாயமாக வெட்டியது பற்றியும், அதை வெட்டியவரே திரும்ப இணைக்க வேண்டியது பற்றியும்.

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கு,

பிப்ரவரி 3, புதன்கிழமை காலை, எங்கள் ஊர்த் தொலைபேசிச் சங்கத்தின் செயலாளர் ராஸ்மஸ் த்ரான்பெர்க் என் வாசல் கம்பத்தில் ஏறி, என் வீட்டுக்கு வரும் கம்பியை வெட்டிவிட்டு இறங்கினார். இறங்கியதும் வணக்கம் சொன்னார். வெட்டியது அநியாயம். வணக்கத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

1. என்மேல் சாட்டியுள்ள குற்றம் இது: ஜனவரி 23, சனிக்கிழமை மாலை, பொதுக் கம்பி வழியாக, ஒரு மணி நாற்பது நிமிடம் நடன இசையை ஊர் வீடுகளுக்குள் அனுப்பினேன் என்பது. இசை போனது உண்மை. நான் மறுக்கவில்லை. எப்படிப் போனது என்பதை யாரும் கேட்கவில்லை. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

2. எங்கள் கம்பியில் என் வீட்டையும் சேர்த்துப் பதினொரு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணி முறை உண்டு. எங்களுடையது இரண்டு நீளம், ஒன்று குட்டை. ஒரே நீளமாக அடித்தால் எல்லோருக்கும் என்று பொருள். யார் வீட்டுக்கு அடித்தாலும் பதினொரு வீட்டிலும் கேட்கும், யார் ரிசீவரை எடுத்தாலும் பேச்சு முழுவதும் கேட்கும். எல்லோரும் எடுப்பார்கள். எடுத்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இது எங்கள் ஊர் நாகரிகம். என் குதிரை நொண்டியபோது கால்நடை வைத்தியரிடம் மட்டும்தான் சொன்னேன். மதியத்துக்குள் மூன்று பேர் களிம்போடு வந்து நின்றார்கள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. குதிரை தேறியது.

3. இன்னொன்றையும் தாங்கள் அறிய வேண்டும். டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஊர் டேனியர்களில் இரண்டு வகை. நடனம் ஆடுகிறவர்கள், அதைப் பாவம் என்று ஆடாதவர்கள். 1894-ல் இதற்காகவே எங்கள் கிறிஸ்தவ சபை இரண்டாகி, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலும் இந்தப் பக்கம் ஒரு கோயிலும் எழுந்தன. ஆறு வீட்டாரும் நானும் ஆடாதவர்கள். நான்கு வீட்டார் ஆடுகிறவர்கள். எழுபத்து மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூட ஆடியதில்லை. அதைப் பற்றி எனக்குக் கருத்தும் இல்லை. செய்து பார்க்காத வேலையைப் பற்றிப் பேசுவது என் வழக்கம் அல்ல.

4. நான் பள்ளிக்கூடம் போனது மூன்று குளிர்காலம் மட்டுமே. மற்றதெல்லாம் நானே படித்துக்கொண்டது. எழுபத்தோராவது வயதில், ஒரு புத்தகத்தைப் பார்த்து, ஓட்ஸ் டப்பாவில் செப்புக் கம்பி சுற்றி ரேடியோ செய்தேன். அன்றைக்கு ஊரில் வேறு ரேடியோ இல்லை. மதியம் பன்றி விலையும் மாலையில் வானிலையும் சொல்லும்போது நான் நீள மணி அடித்து, ரேடியோவின் காதுக்கருவியைத் தொலைபேசியின் பேசும் வாயில் ரப்பர் பட்டையால் கட்டிவிடுவேன். பத்து வீடும் கேட்கும். இரண்டு வருடம் இப்படி நடந்தது. பன்றி விலை கேட்க ஆடுகிறவர், ஆடாதவர் என்ற பேதம் இருந்ததில்லை.

5. அந்தச் சனிக்கிழமை பனிப்புயல் வருவதாகப் பேச்சு. மாலை ஏழு மணிக்கு வானிலை சொல்வார்கள். மணி அடித்தேன், கருவியைக் கட்டினேன். அதே நேரம் தொழுவத்தில் என் சிவப்புப் பசு கத்தியது. கன்று குறுக்கே கிடந்தது. நான் ஓடினேன். வானிலை நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். அதன் பிறகு ஒமாஹாவிலிருந்து ஒரு ஓட்டல் வாத்தியக் குழு வாசித்ததாம். எட்டு நாற்பது வரை கம்பியில் போனது அதுதான். கன்று பிழைத்தது. அதற்கு ராஸ்மினா என்று பெயர் வைத்திருக்கிறோம். செயலாளரைக் கேலி செய்வதற்காக அல்ல. அது என் மனைவியின் அத்தை பெயர்.

6. பிப்ரவரி முதல் தேதி சங்கக் கூட்டத்தில் த்ரான்பெர்க் எழுந்து, "பதினாலு பாட்டுய்யா! ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாலு! வால்ட்ஸ் அஞ்சு, மத்ததெல்லாம் இப்ப வந்திருக்கிற குதிக்கிற ரகம்" என்று ஒரு பட்டியலை ஆட்டிக் காட்டினார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: பட்டியல் போடும் வரை ரிசீவர் எங்கே இருந்தது? அவர் சொன்னது: "சாட்சிக்காகத்தான் கேட்டேன் பெரியவரே! எவனாவது ஒருத்தன் கேட்டாத்தானே குத்தம்னு சொல்ல முடியும்?" பின் வரிசையிலிருந்து ஒருவர், "அந்தக் கடைசி வால்ட்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவருடைய மனைவி, "வாயை மூடிட்டு உக்காருங்க, மானம் போகுது" என்றார். அவர்கள் ஆடாத வகை.

7. எக்ஸ்சேஞ்சில் வேலை செய்யும் டாக்மார், கேட்காமலே எழுந்து உண்மையைச் சொன்னாள்: "நானும்தான் கேட்டேன், இல்லேங்கல. ஒருத்தர்கூட நடுவுல வைக்கல. லாரிட்ஸ் மாமா வந்து நிறுத்தினப்புறம்தான் டக் டக் டக்னு பத்து ரிசீவரும் ஒண்ணா விழுந்துச்சு. நான் எண்ணினேன்." மேலும், த்ரான்பெர்க் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எட்டு மணிக்கு ஒன்பது அடிக்கும். ஏழாவது பாட்டுக்கும் எட்டாவது பாட்டுக்கும் நடுவில் கம்பியில் ஒன்பது அடித்ததை என் மனைவி கேட்டிருக்கிறாள். இவ்வளவுக்கும் பிறகு, சங்கத்தின் நான்காம் விதியான 'தகாத பேச்சு' என்பதன் கீழ் என் இணைப்பைத் துண்டிக்கத் தீர்மானம் போட்டார்கள். டாக்மாரையும் வேலையிலிருந்து நீக்கப் போவதாக மிரட்டுகிறார்கள். அன்று கம்பியில் பேச்சே இல்லை. ஆடுகிற சபையும் ஆடாத சபையும் ஒரு மணி நாற்பது நிமிடம் சண்டையில்லாமல் ஒரே இடத்தில் இருந்தது, 1894-க்குப் பிறகு அன்றுதான்.

8. நான் விதிக்குக் கட்டுப்படாதவன் அல்ல. 1918-ல், யுத்த வருடத்தில், தொலைபேசியில் டேனிய மொழி பேசக் கூடாது என்றார்கள். என் மனைவி கிர்ஸ்டினாவுக்கு வேறு மொழி சரளமாக வராது. மாதக்கணக்கில் ரிசீவரை எடுத்து மற்றவர்கள் மூச்சு விடுவதை மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். நாங்கள் அன்றும் புகார் எழுதவில்லை. இன்று எழுதுவது அவளுக்காக.

9. நவம்பரில் பனியில் வழுக்கி கிர்ஸ்டினாவின் இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து நாற்காலியில்தான் இருக்கிறாள். அவள் கைக்கு எட்டும்படி தொலைபேசியைச் சுவரில் இறக்கி மாட்டினேன். தினமும் மூன்று மணிக்குப் பத்து வீட்டுப் பெண்களும் காபிக் கோப்பையோடு ரிசீவரை எடுப்பார்கள். இரண்டு சபைப் பெண்களும்தான். அதுதான் அவளுக்கு ஊர். டாக்டர் பதினொரு மைலுக்கு அப்பால் இருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். கம்பி வெட்டிய பிறகும் மூன்று மணிக்குக் காபி ஊற்றிக்கொண்டு அந்தக் கருவியின் பக்கத்தில்தான் உட்காருகிறாள். ரேடியோ போடட்டுமா என்றேன். "அது பேசுதே ஒழிய நாம பேசறதைக் கேக்காதுங்க. அன்னைக்குப் பத்து வீட்டு மூச்சும் கூட இருந்துச்சு. அதான் பாட்டு" என்றாள்.

10. எங்கள் சபைக் கோயிலில் எழுந்து நின்று, வேண்டுமென்றே செய்தேன் என்று மன்னிப்புக் கேட்டால் இணைப்பைத் தருவதாக த்ரான்பெர்க் சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்க மாட்டேன். அது பொய். காரணம் பசு.

11. ஆனால் முழு உண்மையையும் எழுதாமல் மனுவை முடிப்பது முறையல்ல. தொழுவத்திலிருந்து நான் உள்ளே வந்தபோது பன்னிரண்டு பாட்டு முடிந்திருந்தது. கருவியைக் கழற்றக் கை நீட்டினேன். ரிசீவரைக் காதில் வைத்தபடி கிர்ஸ்டினா, "கதவைச் சாத்துங்க, குளிருது. கன்னு என்ன?" என்றாள். கிடேரி என்றேன். "அப்ப உக்காருங்க. இன்னும் ரெண்டு கேக்கலாம்" என்றாள். அப்போது பார்த்தேன். டாக்டர் எத்தனை சொல்லியும் நவம்பரிலிருந்து அசைக்காத அவளுடைய இடது கால், கம்பளிக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன். ஆகவே பதினான்கில் பன்னிரண்டு பசுவால் போனவை. கடைசி இரண்டு என்னால் போனவை. அந்த இரண்டுக்கு என்ன தண்டனையோ, அதற்கான விதியைச் சொல்லி விதியுங்கள். ஏற்றுக்கொள்கிறேன். வருத்தப்படுவதாக எழுத மட்டும் சொல்லாதீர்கள்.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து, கீழ்க்கண்டவை நடக்க உத்தரவிடும்படி கேட்கிறேன்:

அ. வெட்டிய கம்பியை ராஸ்மஸ் த்ரான்பெர்க்கே கம்பத்தில் ஏறி இணைக்க வேண்டும். ஏணி நான் தருகிறேன். பிடித்துக்கொள்ளவும் செய்கிறேன்.

ஆ. உண்மை சொன்னதற்காக டாக்மாரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சங்கத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

இ. விரும்பாதவர்கள் ரிசீவரைக் கொக்கியில் மாட்டலாம் என்பதைச் சங்கம் பத்து வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும். மாட்டும் முறை படமாகவும் இருக்கலாம்.

ஈ. பன்றி விலையும் வானிலையும் முன்போல நான் அனுப்புவேன். சனிக்கிழமை வானிலைக்குப் பிறகு எனக்குத் தொழுவத்தில் வேலை இருக்கும் என்பதைச் சங்கம் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

உ. த்ரான்பெர்க் தம் பட்டியலின் நகல் ஒன்றைக் கையொப்பமிட்டு என் மனைவியிடம் தர வேண்டும். பதின்மூன்றாவது பாட்டின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. காலுக்கு மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் அதை எழுதி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

நாள்: மார்ச் 1, 1926
இடம்: நோர்ஹோய்

தங்கள் பதிலை எதிர்பார்த்து, அது வரும் வரை எழுதிக்கொண்டே இருக்கப்போகும்,
லாரிட்ஸ் ஓவர்கோர்
(கையொப்பம்)