முதல் தண்ணீர்

12 நவம்பர் 1986, புதன்

இன்று லியூவிடம் ஒரு பொய் சொல்லி, அந்த இடத்திலேயே பிடிபட்டேன்.

லியூ ஃபாக்டரியில் என்னோடு ஒரே மெஷினில் நிற்கிறவன். சீனாவுக்குப் போய் வந்தபோது தன் ஊர் மலையில் விளைந்த தேயிலை ஒரு டின் தந்தான். கருணைத் தேவியின் பெயர் கொண்ட தேயிலையாம். டின்னிலும் அவள் படம். படத்தைக் கண்டதும் என் மனைவி புவனா டின்னைச் சாமிப்படத் தட்டில் அம்மனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இரண்டு மாதமாகப் பூ வைக்கிறாள். திறக்க விடவில்லை.

மதியச் சாப்பாட்டில் லியூ, எத்தனையாவது தண்ணீர் பிடித்தது என்று கேட்டான். ஒரே இலைக்கு ஏழு முறை சுடுதண்ணீர் ஊற்றுவார்களாம். எனக்கென்ன தெரியும்? "முதலாவதுதான் திறம்" என்றேன். முதல் தண்ணீர் இலையைக் கழுவத்தான், அதைக் குடிப்பதில்லை என்றான். சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து புவனாவிடம் சொன்னேன்.

"உள்ளதைச் சொல்லியிருக்கலாமெல்லோ. அந்த மனுசன் என்ன நினைச்சிருப்பார்?"

அவளே டின்னைத் திறந்தாள். குண்டுமணி போலச் சுருண்ட இலைகள். முதல் தண்ணீரைச் சிங்கில் ஊற்றினாள். இரண்டாவதை அம்மனுக்குப் படைத்தாள். மூன்றாவது எங்களுக்கு. பாலும் சீனியும் இல்லை. ஏதோ பூ வாசம். விழுங்கிய பிறகும் தொண்டையில் இனித்தது.

"இவ்வளவு நாளும் தகரத்துக்கெல்லோ பூ வைச்சனான்" என்றாள்.

நாளைக்கு லியூ கேட்க மாட்டான். நானாகத்தான் சொல்லவேண்டும், மூன்றாவது என்று.