காவ்யாவுக்குத் தெரிந்த சொற்கள்

திங்கள்
மன்னியுங்கள், இன்றும் எழுத வெகுநேரம் ஆகிவிட்டது. காவ்யா இப்போதுதான் தூங்கினாள். மாலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. கட்டாரில் வேலை பார்க்கும் உங்களிடம் வீடியோவில் சொல்ல வராததை இந்த டயரியில் எழுதிவைக்கிறேன்.

நம் மகளுக்கு மூன்று வயது. அவள் சொல்வது: ஸ்கிப். லோடிங். வைஃபை. அன்மியூட். எல்லாம் போன் கொடுத்தவை. என்னைக் கூப்பிடுவதில்லை, கையைப் பிடித்து இழுப்பாள்.

ஆங்கில டிப்ளோமாவில் இதைப் பற்றியே கட்டுரை எழுதினேன். புதுக் கருவி வந்தால் ஆங்கிலத்துக்குப் புதுச் சொல்லும் வரும் என்று. டவுன்லோட், செல்ஃபி, இன்னும் என்னென்னவோ உதாரணம். எவ்வளவு பெருமையாக எழுதினேன்!

செவ்வாய்
காவ்யாவுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு மேரி அக்கா வந்தார். "என்னாடி தொரசாணி, கஞ்சி குடிச்சியா?"

காவ்யா அவர் மடியில் சாய்ந்துகொண்டு, "நோ சார்ஜ்" என்றாள்.

"இந்தா பாரு, ஒன் மகளுக்கு பேட்டரி எறங்கிருச்சு!"

நானும் சிரித்தேன். சோர்வுக்குத் தானாகவே ஒரு சொல் தேடி எடுத்திருக்கிறாள். பிறகு குசினிக்குள் போய், அடுப்பின் முன் நின்று அழுதேன்.

இரவெல்லாம் அழுகை. எங்கே வலி என்று கேட்டேன், ஆங்கிலத்தில்தான். என் கையைப் பிடித்து இழுத்தாள், அவ்வளவுதான்.

புதன்
கிளினிக். காதுக்குள் சீழ்.

"வலிக்குதுன்னு புள்ள சொல்லலியா?" டொக்டர் கேட்டார்.

"சொல்லத் தெரியாது டொக்டர்."

"வீட்ல என்ன பாஷை?"

"தமிழ்தான். இவகூட மட்டும் இங்லிஷ்."

மருந்து எழுதினார். பேச்சுப் பயிற்சிக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அடுத்த வாரம் போக வேண்டும்.

மஹய்யாவ வந்து வீடு சேரும்வரை பஸ்ஸில் அதே யோசனை. கொழும்பு இன்டர்வியூவில் இங்லிஷ் வராமல் நீங்கள் தலைகுனிந்து திரும்பிய நாள். "நம்ம புள்ள அப்பிடி நிக்கக் கூடாது. அவகூட இங்லிஷ்லயே பேசு" என்றீர்கள். சரி என்றேன். ஆனால் என்னுடையது பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம். அதில் கொஞ்சவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. பேச்சைக் குறைத்தேன். நான் பேசாத நேரமெல்லாம் போன் பேசியது.

வியாழன்
காய்ச்சல் இறங்கியது. பால்மா முடிந்தது, வாங்கணும். மழை விட்டபாடில்லை.

காதுக்கு மருந்து விடும்போது வாய்தவறித் தமிழில், "வலிக்குதா தங்கம்?"

அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். இன்னும் சொல் என்பது போல. நான் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டேன். உங்களுக்குப் பயந்து.

இப்போது உங்களுக்கு அனுப்பிய மெசேஜ்: "நாளைலேருந்து அவகூட தமிழ்ல பேசப் போறேன். இங்லிஷ் பொறகு படிச்சுக்குவா. நீங்களும் அவகிட்ட தமிழ்லயே பேசணும். கோபிக்காதீங்க. சீக்கிரம் பதில் போடுங்க."