ஒரு பத்திதானே

என் தங்க அம்மாவுக்கு,

அங்கேயாவது மூச்சு முட்டாமல் இருக்கிறாயா?

இங்கே உன் மகள் பெரிய வேலை ஒன்று செய்திருக்கிறாள். ஊதுபத்திப் புகையிலிருந்து ஒரே ஒரு கரித்துகளைப் பிடித்துவிட்டேன். கையால் இல்லை, லேசர் ஒளியால். கண்ணாடிப் பெட்டிக்குள் எதிரெதிரே இரண்டு கதிர்கள். நடுவில் அந்தத் துகள் எதையும் தொடாமல் காற்றிலேயே நிற்கிறது. அதில் பட்டுச் சிதறும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அது எதனால் ஆனதென்று சொல்லிவிடலாம்.

"இத்துனூண்டு தூசிக்கா இத்தன வருசம் படிச்சே?" என்று சிரித்திருப்பாய். நீ சிரித்தால் கூடவே இருமலும் வரும். அதனால் உன்னைச் சிரிக்கவைக்கவே கடைசியில் பயந்தேன்.

கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்கு வந்த நாள்முதல் பத்தி உருட்டினாய். நகக்கண்ணில் கரி, சேலையில் கரி, தலையணையில் கரி. "அம்மா இருமல் அந்தக் கரிப்பொடியாலதானா டாக்டர்?" என்று கேட்டேன். "இருக்கலாம்மா, இல்லாமலும் இருக்கலாம்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது?

இப்போது அப்பாவும் இருமுகிறார். புகையே ஆகாது என்று டாக்டர் கன்னடத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இரண்டு பாஷையும் அவருக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் உன் படத்துக்குப் பத்தி கொளுத்தாமல் காபியைத் தொடமாட்டார்.

"ஒரு பத்திதானே கண்ணு. உங்கம்மாவுக்கு அத ஏத்தறதும் தப்பாப் போச்சா?"

"பூ வைங்கப்பா. வெளக்கு ஏத்துங்க."

"அதெல்லாஞ் செய்யறந்தான். அவ மேல எப்பவும் பத்தி வாசந்தான் அடிக்கும். அந்த வாசம் வந்தாத்தான் அவ ஊட்ல இருக்கறாப்ல இருக்குது."

ஒருநாள் பத்திக்கட்டை ஒளித்து வைத்தேன். மூச்சிரைக்க நடந்துபோய் வேறு கட்டு வாங்கி வந்தார். அதற்குப் பிறகு ஒளிப்பதில்லை.

இன்று காலை இருமல் அதிகம். இருமிய வேகத்தில் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"நீயே ஏத்திரு கண்ணு."

ஏற்றினேன் அம்மா. என் கையாலேயே ஏற்றினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புகையை ஆழமாக இழுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைக் காப்பாற்றிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பேன். வாசம் போய்விடும் என்று அவர் மூடுவார். நான் மறுபடி திறப்பேன். இதை மட்டும் சத்தியமாகச் செய்வேன்.

இன்னும் உனக்கு மகளாகவே இருக்கும்,
செல்வி