புதனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு கலங்கரை விளக்கம்

பாதிப் பாயையும் முழுச் சைக்கிளையும் எனக்கு விட்டுவிட்டுப் போன என் அண்ணனுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால், நமது இல்லத்தில் பல்லாண்டு காலம் அயராது உழைத்த உன் பச்சைக் கட்டம் போட்ட கைலி அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலை துவைகல்லில் இயற்கை எய்தினார். அன்னாருக்கு இடுப்புப் பகுதியில் ஏற்கெனவே ஓட்டைகள் இருந்தன. பூதவுடல் இரண்டாகக் கிழிக்கப்பட்டு, ஒரு பாதி சைக்கிள் துடைப்பதற்கும் மறு பாதி அடுப்பிலிருந்து சட்டி இறக்குவதற்கும் அர்ப்பணிக்கப்பட்டது. உற்றார் உறவினர் இதையே நேரில் வந்து சொன்னதாக ஏற்றுக்கொள்ளவும்.

சிரித்தாயா அண்ணே? இதை அம்மாவிடம் போஸ்டர் படிப்பது போலப் படித்துக் காட்டினேன். அம்மா அந்தக் கிழிந்த துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். செத்த நேரம் வெளியே வரவே இல்லை. நம் வீட்டில் இப்போது என் சரக்கு விலைபோவதில்லை.

ஆனாலும் நீ கவலைப்படாதே. வீட்டை நான்தான் நடத்துகிறேன். நீ போன அன்றைக்குத் தெருவே அழுதது. சோழபுரத்து மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுத வேகத்தில் பந்தல் இறங்கிவிடும் என்று பயந்தோம். நான் ஒரு சொட்டு விடவில்லை. இந்த வருசம் முழுக்கவும் விடவில்லை. கல்நெஞ்சுக்காரப் பயல் என்று சொன்னார்கள். சொல்லட்டுமே. வீட்டில் ஒரு ஆளாவது காய்ந்து இருக்க வேண்டாமா?

இப்போது உண்மைச் செய்திக்கு வருகிறேன். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. சண்டை போடுவதுமில்லை. சண்டை இருந்தால் அதில் புகுந்து ஏதாவது பண்ணலாம். இது சண்டையே இல்லாத சண்டை.

உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா உன்னை மம்சாபுரத்துக்குப் பச்சிலைக்குக் கூட்டிப் போனாள். அப்பா மில்லில் அடுத்தடுத்த ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. இதெல்லாம் உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது, நீ போன மூன்றாம் நாள் அவர்கள் பேசிக்கொண்டது. அப்பா சொன்னார்: "பச்சிலை பச்சிலைன்னு எம்புள்ளைய வாரிக் குடுத்துட்டா." அம்மா சொன்னாள்: "ஒரு நாள் லீவு போட வக்கில்லாத மனுசனுக்குப் புள்ளை ஒரு கேடா."

ஆளுக்கு ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி. அதன் மேல்தான் நாங்கள் ஒரு வருசமாகக் குடியிருக்கிறோம்.

அன்றிலிருந்து நான் தபால்காரன். நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்கம்மாட்ட சொல்லு, ராத்திரிக்குச் சோறு வேண்டாம்னு" என்பார் அப்பா. குழம்பில் உப்பு அதிகம் என்று அவர் சொன்னால், குழம்பு அம்புட்டு ருசியாம் என்று நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அம்மாவும் மறுநாள் அதே உப்பைப் போடுவாள். இப்படியாக நம் வீட்டு உப்பு விவகாரம் என்னால் உப்பிப்போய்விட்டது.

இன்னொன்றும் செய்தார் அப்பா. மில் ஏழு நாளும் ஓடும், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நாள் வார லீவு என்பது தெரிந்ததுதானே. அவருக்கு ஞாயிறு இருந்தது. பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அம்மாவுக்கும் ஞாயிறுதான். அவர் மேஸ்திரியிடம் கேட்டுத் தன்னுடையதைப் புதனுக்கு மாற்றிக்கொண்டார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். இவர் புதனைக் கேட்டு வாங்கினார். எதற்கு? அம்மாவோடு ஒரு பகல் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பதற்கு.

இதைக்கூடச் சமாளித்துவிடலாம் என்றிருந்தேன். இந்த மாத ஆரம்பத்தில் மாமா வந்தார். வருசத் திவசம் முடியட்டும், அதற்கடுத்த சனிக்கிழமை வந்து தங்கச்சியைச் சோழபுரத்துக்குக் கூட்டிப்போகிறேன், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார். கொஞ்ச நாள் என்றால் எம்புட்டு நாள் என்று கேட்டேன். மாமா என் தலையைத் தடவினார். அண்ணே, பெரியவர்கள் பதில் சொல்லாமல் தலையைத் தடவினால் என்ன அர்த்தம் என்று தெரியாத வயசா எனக்கு? அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்பா முற்றத்துக்குப் போய்ச் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்த செயின் அது.

அப்போதுதான் உன்னுடைய கலங்கரை விளக்கம் எனக்கு ஞாபகம் வந்தது.

சின்ன வயசில் எனக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனபோது, இருட்டின பிறகு கரையில் நின்று தெற்கே தூரத்தில் விட்டுவிட்டு மின்னிய வெளிச்சத்தை நீ காட்டினாயாம். "அது மணப்பாட்டுக் கலங்கரை விளக்கம்லே, ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாராம் அப்பா. நீ வளர்ந்து சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போன பிறகும் அதை விடவில்லை. ஒரு சனி ஞாயிறு, நாலு பேரும், முதலில் மணப்பாடு, மறுநாள் கன்னியாகுமரி என்று சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாய். அப்பாவின் அந்த ஒரு நாள் வரவே இல்லை. வெறுத்துப்போய் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போய்க் கோபுர உச்சி விளக்கைக் காட்டி, லாரிக்காரர்களுக்கான கலங்கரை விளக்கம் இதுதான் என்றாய். அதை நான் வகுப்பில் சொல்லி முட்டிக்கால் போட்டதுதான் மிச்சம்.

கலம், கரை, விளக்கம் என்று தமிழ் ஐயா பிரித்துக் காட்டுவார். நம் வீட்டில் கலங்குவது இருக்கிறது, கரைவது இருக்கிறது, விளக்கம் மட்டும் யாரிடமும் இல்லை.

ஆகவே சதித்திட்டம் தீட்டினேன். உனக்காக ஒரே ஒரு நாள், விடியற்காலை பஸ்ஸில் போய் மணப்பாட்டைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவது. அம்மாவிடம் போய், "மணப்பாட்டுக்கு அப்பா உன்னையும் கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்படுதாரு, என்ன செய்ய, அவருக்குப் புதன்தான் லீவு" என்று அங்கலாய்த்தேன். அப்பாவிடம் போய், "மணப்பாட்டுக்கு அவரு வந்தா நானும் வாரேன்னு சொல்லுதா அம்மா, என்ன செய்ய, அவளுக்கு ஞாயிறுதான் லீவு" என்று அதே அங்கலாய்ப்பை அங்கேயும் அவிழ்த்தேன். இரண்டும் பச்சைப் பொய். இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சரி, வெடி நமுத்துவிட்டது என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தால், அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மில்லுக்குப் போகவில்லை. அம்மாவோ தூக்குவாளியோடு கம்பெனிக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறாள்.

"உங்கம்மா எங்க போறான்னு கேளு" என்றார்.

கேட்டேன். "புதன்கிழமை லீவு வேணும்னு சொல்லி, அதுக்குப் பதிலா இன்னைக்கு வேலைக்கு வாரேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன்னு சொல்லு" என்றாள்.

நான் சொல்லத் திரும்பினேன். அப்பாவின் முகத்திலேயே தெரிந்தது. தபாலைப் பெறுநரே படித்துவிட்டார்.

"நான் இந்த ஒரு வாரத்துக்கு ஞாயித்துக்கெழமைக்கு மாத்திட்டேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை அண்ணே. வாசலைப் பார்த்துச் சொன்னார்.

அவர் அவளுக்காக ஞாயிறுக்கு வந்திருக்கிறார். அவள் அவருக்காகப் புதனுக்குப் போயிருக்கிறாள். என்னிடம் சொன்னால் ஊருக்குத் தண்டோரா போடுவேன் என்று இரண்டு பேருமே மறைத்திருக்கிறார்கள். நான் வெட்டிய குழியில் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கமாக விழுந்திருந்தார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். பிரம்பு வரும் என்று முதுகைத் தயார்படுத்தினேன். வரவில்லை. அம்மா தெருவில் இறங்கி நடந்தாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போய், "ஏறு" என்றார். அவள் ஏறவில்லை. அவரும் ஏறி மிதிக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு கை தூரம் தள்ளியே தெருமுனை வரைக்கும் நடந்தார். அதற்கப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். புதன்கிழமை அம்மா லீவில் தனியாக வீட்டில் இருந்தாள். அப்பா மில்லில் இருந்தார். நானே முடிச்சுப் போட்டுவிட்டு நானே அவிழ்க்கத் தெரியாமல் நின்றேன்.

இன்னும் ஒரே வழிதான் இருந்தது. யாராவது ஒருவர் லீவு போட வேண்டும். ஆனால் நம் வீட்டில் அந்த ஒரு வார்த்தையைத்தான் யாரும் சொல்ல முடியாதே. அப்பா இப்போது லீவு போட்டால், அப்போதும் போட்டிருக்கலாம் என்று ஆகிவிடாதா? அதற்காகத்தானே மனுசன் வார லீவை மாற்றிப் பார்த்தார், லீவு கேட்கவில்லை. அண்ணே, அங்கே உனக்குக் கொஞ்சமாவது செல்வாக்கு இருந்தால் ஏதாவது செய்யேன் என்று உன் படத்துக்கு முன்னால் நின்று கெஞ்சினேன். நீ வழக்கம்போல வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

நேற்று மில் விட்டு வந்த அப்பா, நேராக அடுப்படி வாசலில் போய் நின்றார். அம்மா வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் லீவு போட்டுட்டேன்" என்றார்.

அம்மா நிமிரவில்லை. "இப்பக் கெடைக்குதாக்கும் லீவு."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "கேட்டிருந்தா அன்னைக்கும் கெடைச்சிருக்கும். நான் கேக்கலை" என்றார்.

வெண்டைக்காய் அரிவது நின்றது. பிறகு அம்மா, "பச்சிலை உள்ள எறங்குனா காமாலை எறங்கிரும்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு ஒரு அழுகை அழுதாள் பார், உன்னைத் தூக்கின அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நான் உள்ளே போகலாமா, வெளியே போகலாமா என்று தெரியாமல் உரலோடு உரலாக நின்றேன்.

இன்று வெள்ளிக்கிழமை. மணப்பாட்டுக்குப் போக நாளை விடியற்காலை திருநெல்வேலி பஸ். திவசம் முடிந்துவிட்டதால், சொன்னபடி நாளைக் காலையிலேயே மாமாவும் வருகிறார். அம்மா சாயங்காலம் உன் மஞ்சள் பையை எடுத்து இரண்டு சேலையும் சீப்பும் வைத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பை கடலுக்கா, சோழபுரத்துக்கா? அப்பாவும் அதைப் பார்த்தார். அவரும் கேட்கவில்லை. இரண்டு சேலை, இரண்டு நாளைக்கும் சரியாக இருக்கும். கொஞ்ச நாளைக்கும் அதுவே ஆரம்பம்தான். உனக்கு என்ன தோன்றுகிறது?

ஒரு சத்தியம் செய்கிறேன் அண்ணே. இனிமேல் பொய்த் தபால் கொண்டுபோக மாட்டேன். நாளை எழுந்ததும் வேடிக்கை எதுவும் பண்ணாமல், அம்மா முகத்துக்கு நேராக, "போகாத அம்மா" என்று சொல்லிவிடுவேன். இந்த வருசத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்றாலும் கையைப் பிடித்துக்கொள்வேன்.

பொய்யை நிறுத்துவதென்றால் உன்னிடமிருந்தே ஆரம்பிக்க வேண்டும். ஒரு சொட்டு விடவில்லை என்று மேலே பீற்றிக்கொண்டேனே, அது பொய். நம் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தானே குழாயில் தண்ணீர் வருகிறது. வரும் நாளில் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாய்க்குக் கீழே வாளியை வைத்து, முழுசாகத் திறந்துவிட்டு அழுதுகொள்கிறேன். சத்தம் வெளியே கேட்காது. தண்ணீர் வராத நாள் எனக்கு வார லீவு. இன்றைக்குத் தண்ணீர் வராத நாள் அண்ணே. ஆனாலும் வந்துவிட்டது.

பாயில் உன் பாதியில் இன்னும் கால் போடாமல் படுக்கும்
உன் தம்பி