பின்னால் கட்டிய கைகள்

மார்ச் 4

வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். அம்மா நாற்காலியிலேயே தூங்குகிறாள். தாழ்வாரத்து வெளிச்சத்தில், அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னால் அவள் அழுவாள். அதனால் இங்கே.

நிமோனியாவாம். மருந்து நரம்பு வழியாகத்தான் போக வேண்டுமாம். ஊசி போட வந்தது ஒரு நர்ஸிங் மாணவி. அந்த அக்காவுக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மேடம், “மூணு வருஷமா என்னத்தக் கிழிச்ச?” என்று என் தலைக்கு மேலேயே கேட்டார். நடுக்கம் கூடிவிட்டது. ஊசி தவறியது. மேடமே பிடுங்கி வேறு இடத்தில் போட்டார்.

“கத்துக்கறதுக்கு எம் பொண்ணு கைதான் கெடச்சுதா?” என்றாள் அம்மா. அக்கா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு நடுக்கக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன், மனசுக்குள்.

மார்ச் 5

கையை அசைக்கவே இல்லை. தூக்கத்தில் ஊசி கழன்றுவிட்டால்?

மார்ச் 6

ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது. மறுபடி குத்த வேண்டும். மறுபடி நடுக்கக்கா. ஆனால் மேடம் வேறு, கண்ணாடி போட்டவர். அவர் அம்மாவிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

“இவ போடுவா. நான் இங்கயே இருப்பேன். நிறுத்துன்னு நீ சொன்னா நிறுத்திடுவோம். யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.”

வலிக்கவே வலிக்காது என்பார்களே, அந்த மாதிரிப் பொய்தான் இதுவும் என்று நினைத்தேன். பஞ்சு பட்டதுமே “நிறுத்துங்க” என்றேன்.

நிறுத்திவிட்டார்கள். நிஜமாகவே. கொஞ்ச நேரம் கழித்து, என்னைக் கேட்டுவிட்டு, கண்ணாடி மேடமே போட்டார். அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனா அக்கா மூஞ்சி... என்னாலதானே? இனிமே அவள ஊசி போட விடுவாங்களா? அந்தப் பழைய மேடம் வந்தா உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்களே. நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 8

இன்று ஊசி மாற்றும் நாள். “அந்த அக்காவே போடட்டும்” என்று நானே சொன்னேன். அம்மா முறைத்தாள்.

கண்ணாடி மேடம் அக்காவிடம், “கண்ண நம்பாத, விரலால தேடு” என்றார். அப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றார். எனக்குக் கோபம்கூட வந்தது.

அவருக்குப் பின்னால், கை கழுவும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதில் பார்த்தேன். ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் வெளுக்க. ஊசியை வாங்கிவிடத் துடித்த கையை அவரே பிடித்து வைத்திருந்தார்.

அவருக்கும் பயம்தான்!

அக்கா தொட்டாள். மறுபடி தொட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. சுருக்கென்றது.

“உள்ள போயிடுச்சு, மேடம்.”

“பாத்தேன்.”

அவ்வளவுதான். எம் பொண்ணு மூச்சு விடல பாத்தீங்களா என்று அம்மா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11

நாளை வீட்டுக்குப் போகலாமாம்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு குட்டிப் பெண் வந்திருக்கிறாள். ஊசியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டினாள். அக்கா குனிந்து, நிறுத்து என்று சொன்னால் நிறுத்திவிடுவேன் என்றாள். குட்டி நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

“நிஜமாத்தான். நான் சொல்லிப் பாத்திருக்கேன்” என்றேன்.

கண்ணாடி மேடம் இரண்டு கட்டில் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் பக்கத்தில் சும்மா தொங்கின.