பெயர் சொல்லி ஜெபித்தோம்

ஜூன் 8, ஞாயிறு
பெந்தெகொஸ்தே. பிரசங்கத்தில் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன். "அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய்க்குப் போட்டி போடுகிறோம். அடுத்த தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரியுமா?" நாற்பது குடும்பமும் தலை குனிந்தது. இனி குடும்பத்துக்கு ஒரு தெரு. அங்குள்ளவர்கள் கஷ்டத்தை எழுதித் தர வேண்டும், பெயர் சொல்லி ஜெபிப்போம். தூங்குகிற சபையை எழுப்பாமல் விடப்போவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு
நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள்! ஆராதனையில் நானே வாசித்தேன். செயலாளர் ராஜவேலு சபை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார். 'பிள்ளையார்பாளையம் அம்சா, மகள் அனுவின் வலிப்பு' என்று நானே சேர்த்திருந்தேன். அம்சா நம் சபை இல்லை. தறி நெய்கிறவர், புதன்கிழமைகளில் பின்வாசல் வழியாக வந்து என் மனைவி மரியம்மாளோடு ஜெபித்துவிட்டுப் போவார்.

ஜூன் 17
மரியம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாலையில் மட்டும், "அம்சா என்கிட்ட சொன்னதுங்க அது. சபைக்கு சொன்னது இல்ல."
ஜெபத்துக்குத்தானே எழுதினேன்?

ஜூன் 18
அம்சா வரவில்லை.

ஜூன் 20
பிள்ளையார்பாளையம் போனேன். டீக்கடை சிட்டிபாபு டீ போடாமல் செல்போனைத் திருப்பிக் காட்டினார். நம் பட்டியல். "எங்க தெருவ ஆஸ்பத்திரி வார்டு மாதிரி எழுதி வச்சிக்கினு இருக்கீங்க. அம்சா பொண்ணுக்கு ஆவணில கல்யாணம்பா. மாப்ள வீட்டுக்கும் போயிடுச்சி இது."
திரும்பி நடந்தேன். நான் கடந்த வீடுகளில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பயமாக இருந்தது.

ஜூன் 23
நிச்சயம் முறிந்துவிட்டது. அம்சா வீட்டுக் கதவைத் திறந்தது அனு. "அம்மா பாக்க மாட்டாங்க. மூணு வருஷமா எனக்கு ஒரு தடவகூட வரல ஐயா. அத எழுதினீங்களா?"
பாவி நான். என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஜூன் 27
திருச்சபைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். பட்டியல் அருமையாம், அருட்பணிக்கு நல்ல மாதிரியாம். யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சினேன். "எல்லா சபைக்கும் நேத்தே அனுப்பிட்டோமே ஐயா."

ஜூலை 6, ஞாயிறு
பீடத்தில் நின்று என் தவறை அறிக்கையிட்டேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெபக்குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டுகூட இல்லை. நம் சபையாரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 9
மின்கட்டண ரசீதைத் தேடியபோது மரியம்மாள் பெயரில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் கிடைத்தது. மார்பில் கட்டி. மூன்று வாரம் ஆகிறது.
"ஏம்மா என்கிட்ட சொல்லல?"
அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.
"அம்சாகிட்ட சொன்னேன். தினம் அவங்க வீட்டுக்குப் போய் உக்காந்துக்கினு இருந்தேன், பத்தாவது நாள்தான் பேசினாங்க. வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரிக்கு அவங்கதான் கூட வராங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஜெபத்துல சொல்லிடாதீங்க" என்றாள்.